டிஜேக்களுக்கான சந்தா மிக்ஸ் சேவைகள்: நெல்லை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களில் கல்யாண வரவேற்பு, கோயில் கொடை விழா, கல்லூரி விழா என்று டிஜே வேலைக்குப் போகும் தம்பிமார் என்னிடம் தொடர்ந்து கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். டிஜேக்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட மிக்ஸ்களையும் (தாளம் விடாமல் கோத்த பாட்டுத் தொடர்கள்) திருத்திய பாடல்களையும் மாதச் சந்தாவுக்குத் தரும் சேவைகள் எப்படிப் பிறந்தன, எப்படி மாறின, நம் ஊர் வேலைக்கு அவை எந்த அளவுக்கு உதவும் என்பதே பொருள்.

சந்தா மிக்ஸ் சேவை என்பது என்ன? பாட்டுக் கேட்கும் செயலிகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

கேட்பதற்கான செயலி, பாடல் வெளிவந்த வடிவத்திலேயே அதைத் தருகிறது. டிஜே சேவையோ அதே பாடலை வேலைக்கு ஏற்றபடி தயார் செய்து தருகிறது. பாடல் தொடங்குமுன் 16 அல்லது 32 தாள அடிகளுக்கு அந்தத் தாளம் மட்டும் ஓடும் இன்ட்ரோ, முடிவில் அதேபோல் ஓர் அவுட்ரோ, கெட்ட வார்த்தை நீக்கிய கிளீன் வடிவம், குரல் மட்டும் உள்ள அகப்பெல்லா, ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்குக் கொண்டு செல்லும் டிரான்சிஷன் வடிவம், பத்துப் பதினைந்து பாடல்களை ஒன்றாகக் கோத்த மெகாமிக்ஸ் ஆகியவை இதில் அடங்கும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற பிபிஎம் எண்ணும், பாடல் எந்தச் சுருதியில் நிற்கிறது என்ற குறிப்பும் கூடவே வரும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் கடைசித் தாளமும் வரப்போகும் பாட்டின் முதல் தாளமும் சிறிது நேரம் சேர்ந்து ஓடினால்தான் ஆடுகிறவர்களின் கால் நிற்காது. அந்தச் சில விநாடிகளுக்கான உழைப்பை உங்களுக்காக இன்னொருவர் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார். சந்தா என்பது அந்த உழைப்புக்கான விலை.

இப்படி ஒரு சேவை முதலில் எங்கே தோன்றியது?

நியூயார்க்கில், டிஸ்கோ காலத்தில். 1975-இல் டேவிட் மான்குசோ முதலானோர் சேர்ந்து அங்கே ரெக்கார்டு பூல் ஒன்றை அமைத்தார்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் புதிய தட்டுகளை அந்தப் பொது இடத்துக்கு அனுப்பும். உறுப்பினரான டிஜேக்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டு, எந்தத் தட்டுக்கு மக்கள் ஆடினார்கள், எதற்கு ஆடவில்லை என்று எழுதித் தருவார்கள். பணத்தைவிட அந்தக் கருத்துத்தான் நிறுவனங்களுக்கு வேண்டியிருந்தது. வானொலி தொடாத பாடல்களைக்கூட ஆட்டக்களத்தில் ஓடவிட்டு விற்பனைக்குக் கொண்டுவர டிஜேக்களால் முடிந்தது என்பதே காரணம்.

அடுத்த ஆண்டு, 1976-இல், 12 அங்குல ஒற்றைப் பாடல் தட்டு கடை விற்பனைக்கு வந்தது. அவற்றில் முதலாவதை நீட்டித் தொகுத்துத் தந்த வால்டர் கிப்பன்ஸ் அடிப்படையில் ஒரு டிஜே. பெரிய தட்டில் ஒரே பாடல் என்பதால் தட்டில் செதுக்கிய ஒலிக்கோடுகளுக்கு நடுவே இடம் கிடைத்து, அடிநாதம் (பேஸ் ஒலி) உரக்கப் பதிந்தது. 1977-இல் டிஸ்கோநெட் என்ற சேவை தொடங்கி, டிஜேக்கள் தொகுத்த மிக்ஸ்களையும் பாடல்களின் சிறப்பு வடிவங்களையும் சந்தாதாரர்களுக்குத் தட்டாக அனுப்பியது. இன்று நாம் பேசும் சந்தா மிக்ஸ் சேவையின் உருவம் அங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. 1980-களில் ஹாட் டிராக்ஸ், அல்டிமிக்ஸ் போன்ற அமெரிக்கச் சேவைகள் அதே வழியில் வந்தன.

டிஎம்சி என்ற பெயரை எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

டிஸ்கோ மிக்ஸ் கிளப் என்பதன் சுருக்கம். ரேடியோ லக்ஸம்பர்கில் அறிவிப்பாளராக இருந்த டோனி பிரின்ஸ் 1983-இல் பிரிட்டனில் தொடங்கியது. உறுப்பினரான டிஜேக்களுக்கு மாதந்தோறும் மிக்ஸ்கள் தபாலில் போகும். முதலில் கேசட்டாக, பிறகு தட்டாக, அதன் பின் சிடியாக. தொழில்முறை டிஜேக்களுக்கு மட்டும், மறுவிற்பனைக்கு அல்ல என்பது விதி. உறுப்பினர்களுக்கான செய்தித்தாளாக 1983 பிப்ரவரியில் வந்த 16 பக்கக் கறுப்பு வெள்ளை இதழ்தான் பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட மிக்ஸ்மேக். 1980-களின் நடுவில் இதே அமைப்பு தொடங்கிய டிஜே போட்டி உலகப் போட்டியாக வளர்ந்தது. சந்தா கட்டியவர்களுக்குப் பாட்டு அனுப்புவதோடு நிற்காமல், சிதறிக் கிடந்த டிஜேக்களைத் தங்களை ஒரு தொழிலினராக எண்ண வைத்தது அந்த அமைப்பு. அதை நான் பெரிய செயலாகவே கருதுகிறேன்.

டிஜேக்களுக்காக மட்டும் செய்த மிக்ஸ் எதுவும் பொதுமக்களிடம் போனதுண்டா?

உண்டு. இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில் மியூசிக் ஃபேக்டரி நிறுவனம் மாஸ்டர்மிக்ஸ் என்ற சந்தாச் சேவையை நடத்தி வந்தது. அதில் டிஜேக்களுக்காகக் கோத்த பழைய பாட்டுக் கதம்பம் ஒன்றை ஜைவ் பன்னி என்ற பெயரில் 1989-இல் வெளியே விட்டார்கள். அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு அடுத்து வந்த இரண்டு கதம்பங்களும் முதலிடம் பிடித்தன. கல்யாண மண்டபத்தில் ஆட வைக்கிற சரக்கு, கடையில் விற்கிற சரக்காகவும் ஆகும் என்று நிறுவனங்கள் கண்ணால் கண்டன.

அந்தக் காலத்தில் நம் ஊரில் இப்படி எதுவும் இருந்ததா?

சந்தா என்ற பெயரில் இல்லை. ஆனால் அதே தேவையை நம் ஊர் வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. நெல்லை ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் கேசட் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. கையால் எழுதிய பாட்டு வரிசையைக் கொடுத்தால், 60 நிமிட, 90 நிமிடக் கேசட்டில் அந்த வரிசைப்படியே பதிந்து தருவார்கள். மைக் செட் வைத்திருந்தவர்கள் முதல் வாடிக்கையாளர்கள்: காலையில் பக்திப் பாட்டுக்கு ஒரு கேசட், தாலி கட்டிய பின் ஒரு கேசட், பந்திக்கு ஒரு கேசட், கொடை இரவுக்குத் தனியாக ஒரு கேசட். எந்தப் பாட்டுக்குப் பின் எது வந்தால் கூட்டம் கலையாது என்பதை அந்தக் கடைக்காரர் அறிந்திருந்தார். தேர்ந்த ஒருவர் நமக்காகப் பாட்டைத் தெரிந்து, வரிசைப்படுத்தித் தருவது என்ற வேலையை டிஸ்கோநெட்டும் செய்தது, அந்தக் கடையும் செய்தது. வேகத்தை ஒத்திசைத்துக் கலக்கும் வேலை மட்டும் இங்கே நடக்கவில்லை; அதற்கான வேகம் மாற்றும் தட்டுச் சுழலிகள் நம் மைக் செட்காரர்களிடம் இல்லை. டெக்னிக்ஸ் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 எம்கே2 சுழலியில் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. 120 பிபிஎம் பாடலை ஏறக்குறைய 110-லிருந்து 130 வரை நகர்த்தலாம். மேலை நாட்டு மிக்ஸ் கலையின் பெரும்பகுதி வேகம் மாற்றும் அந்த நழுவு பொத்தானைச் சுற்றி வளர்ந்தது.

தட்டு, சிடி, பதிவிறக்கம் என்று மாறியபோது டிஜேக்கு என்ன மாறியது?

முதலில் சுமை குறைந்தது, பிறகு காத்திருப்பு குறைந்தது. தபாலில் மாதம் ஒருமுறை வந்த தட்டு, 1990-களில் சிடியானது. பயோனியரின் சிடிஜே-1000 கருவி 2001-இல் வந்து, தட்டைக் கையால் பிடித்து நகர்த்துவதுபோல் சிடியையும் நகர்த்தலாம் என்று காட்டிய பிறகு, சிடியைத் தாழ்வாக எண்ணியவர்களும் மனம் மாறினார்கள். 2004-இல் பீட்போர்ட் என்ற இணையக் கடை, நடனப் பாடல்களைக் கோப்பாக விற்கத் தொடங்கியது. அதே ஆண்டில் வந்த செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் என்ற மென்பொருள், கணினியில் உள்ள கோப்பை இசைத்தட்டின் வழியாகவே இயக்க வைத்தது. பழைய ரெக்கார்டு பூல்கள் இணையத்துக்கு மாறின. டிஜேசிட்டி, பிபிஎம் சுப்ரீம் போன்ற புதியவை வளர்ந்தன. மாதத்துக்கு ஒரு தட்டு என்ற கணக்கு போய், நாள்தோறும் புதுக் கோப்புகள் வரத் தொடங்கின.

இந்தக் கட்டத்தில் ஒரு நன்மை குலையாமல் இருந்தது. பதிவிறக்கிய கோப்பு உங்கள் கணினி வட்டில் இருக்கும். அடுத்த மாதம் சந்தாவை நிறுத்தினாலும் அது மறைந்து போகாது. அடுத்த கட்டத்தில் அதுதான் போயிற்று.

ஸ்ட்ரீமிங் வந்ததில் என்ன குறை? எல்லாப் பாட்டும் கையில் இருக்கிறதே?

கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. இருப்பது அடுத்தவர் கையில். 2014-லிருந்து டிஜே (djay) என்ற செயலி வழியாக ஸ்பாட்டிஃபையின் முழு நூலகத்தையும் டிஜேக்கள் பயன்படுத்தி வந்தார்கள். அந்த இணைப்பு 2020 ஜூலையில் துண்டிக்கப்பட்டது. தங்கள் பாட்டு வரிசைகளை முழுவதும் அதில் வைத்திருந்தவர்களுக்குக் கையில் மிஞ்சியது பாட்டுப் பெயர்கள் மட்டுமே. 2025-இல் அது சில டிஜே மென்பொருள்களுக்குத் திரும்பி வந்தாலும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை கூடவே நிற்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் நிகழ்ச்சி அதற்குள் அடங்காது. ஆப்பிள் மியூசிக்கும் 2025-இல் பல டிஜே மென்பொருள்களுடன் இணைந்திருக்கிறது. டிஜேக்களுக்கென்றே 2019-இல் பீட்போர்ட் லிங்க் என்ற பெயரில் வந்த சேவை போன்றவை உயர்ந்த சந்தாவில் ஓர் அளவு பாடல்களை இணையம் இல்லாமலும் ஓட்ட விடுகின்றன. சந்தா நின்றால் அவையும் நின்றுவிடும்.

ஆகவே சேவை எதுவானாலும் பணம் கட்டுமுன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: நான் சந்தாவை நிறுத்திய மறுநாள் என்னிடம் என்ன மிஞ்சும்? கோப்பு மிஞ்சும் என்றால் அது ரெக்கார்டு பூல். எதுவும் மிஞ்சாது என்றால் அது வாடகை. வாடகையும் தவறில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் கல்யாணத்தை வாடகைப் பாட்டை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நம் மண்டபங்களில் இணையம் தாங்குமா?

பெரும்பாலும் தாங்காது. பாளையங்கோட்டையில் ஒரு வரவேற்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு மண்டபம் காலியாக இருக்கும்போது சோதித்தால் வேகம் நன்றாகவே இருக்கும். எட்டரைக்கு ஆயிரம் பேர் உள்ளே வந்து, ஆளுக்கொரு காணொளி அனுப்பத் தொடங்கியதும் அதே இடத்தில் பாட்டு பாதியில் நின்று சுற்றத் தொடங்கும். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் நிற்க, பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, என்ன பாட்டு நின்னு போச்சு?" என்று கேட்கும்போது அவரிடம் டவர் பற்றி விளக்க முடியாது. திசையன்விளைப் பக்கமும் ராதாபுரம் பக்கமும் ஊருக்கு வெளியே நடக்கும் கொடைகளில் நிலைமை இதைவிடக் கடினம். இரவு வேலைக்கு வேண்டிய அனைத்தும் வட்டில் இருக்க வேண்டும். ஒரே நூலகத்தின் இரண்டாம் படி ஒரு பென் டிரைவில் தனியாக இருக்க வேண்டும்.

இந்தச் சேவைகளில் தமிழ்ப் பாட்டு கிடைக்குமா?

மிகக் குறைவாகவே கிடைக்கும். அதைவிடப் பெரிய தடை தாளத்தில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சேவைகள் வளர்ந்தது நான்கு அடிக்கு ஒரு சுற்று, ஒவ்வோர் அடியும் நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையில். அவர்களுடைய இன்ட்ரோ, அவுட்ரோ, டிரான்சிஷன் எல்லாம் அந்தக் கணக்கில் வெட்டப்பட்டவை. நம் குத்துப் பாட்டுகளில் பெரும்பகுதி திஸ்ர நடை. ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி சேர்ந்த நையாண்டி மேளத்தைக் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அந்த மூன்றின் உருட்டு இயல்பானது. பிபிஎம் கணக்கிடும் டிஜே மென்பொருளுக்கு அது இயல்பல்ல. ஆடுகிறவர் நிமிடத்துக்கு 100 அடி வைக்கும் ஒரு குத்துப் பாட்டை மென்பொருள் 150 என்று காட்டுவதைப் பல முறை காணலாம். மூன்றின் உட்பிரிவுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணிவிடுவதால் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் எண் தவறிப் போகிறது. அந்த எண்ணை நம்பி ஒத்திசைவுப் பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒன்றையொன்று மிதிக்கும். காலால் தட்டிப் பார்த்து, எண்ணைக் கையால் திருத்திச் சேமிப்பதே வழி.

சரியாக 100 என்று திருத்திய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 100-இல் ஓடும் திஸ்ரப் பாட்டையும் 100-இல் ஓடும் சதுஸ்ரப் பாட்டையும் சேர்த்து ஓட்டினால் பெரிய அடிகள் ஒன்றாக விழும். இடையே உள்ள சிற்றடிகள், ஒன்றில் மூன்றும் மற்றதில் நான்குமாக மோதும். எனவே நீண்ட நேரம் ஒன்றன்மேல் ஒன்றை ஓட்டக் கூடாது. போகிற பாட்டின் தாளக்கருவிகள் ஓய்ந்து குரலோ நாதஸ்வரமோ மட்டும் நிற்கிற இடத்தைப் பிடித்து, அடுத்த பாட்டை முதல் அடியில் நேராக இறக்க வேண்டும். வெளிநாட்டுச் சேவை எதுவும் இந்த வடிவத்தை உங்களுக்குச் செய்து தராது. திஸ்ரத்தில் 32 அடி உறுமியும் பம்பையும் ஓடும் தாளத் துண்டுகளை, மேளக் கலைஞர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து, அவர்கள் சம்மதத்தோடு பதிந்து வைத்துக்கொள்ளும் டிஜேயின் கையில், எந்தச் சந்தாவிலும் கிடைக்காத நூலகம் இருக்கும். நெல்லை வட்டாரத்தில் அப்படி வாசிக்கத் தகுந்த கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை.

பழைய பாட்டுகளை மிக்ஸ் செய்யும்போது பாதியில் தாளம் விலகுவது ஏன்?

அவை வாத்தியக் குழு ஒன்றாக அமர்ந்து வாசித்து, இயந்திரத் தாளத்தின் துணையில்லாமல் பதிவானவை. சரணத்தில் சற்று வேகம் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது சற்று இறங்கும். பாட்டின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. மென்பொருள், அடிகள் விழும் இடங்களை ஒரே அளவில் கட்டமாகக் (பீட்கிரிட்) குறிப்பதால் ஒரு நிமிடத்துக்குள் விலகிவிடும். கட்டத்தை இடைவெளிக்கு ஒருமுறை கையால் நகர்த்தி அமைக்கலாம். பாட்டையே இழுத்துச் சமப்படுத்தும் வழியும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

குரலையும் இசையையும் பிரிக்கும் வசதி வந்த பிறகு சந்தா தேவைதானா?

தேவை குறைந்திருக்கிறது. 2019-இல் பாட்டு ஸ்ட்ரீமிங் நிறுவனமான டீசர் (Deezer) ஸ்பிளீட்டர் என்ற பிரிப்பு நிரலைப் பொதுவில் வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் டிஜே (djay) செயலி, விர்ச்சுவல்டிஜே, செராட்டோ ஆகியவை பாட்டு ஓடும்போதே பிரிக்கும் வசதியைச் சேர்த்துவிட்டன. அகப்பெல்லாவுக்காக மட்டும் சந்தா கட்டியவர்கள் இனிக் கட்ட வேண்டியதில்லை. தவில், உறுமி, பம்பை அடர்ந்த பாட்டுகளில் பிரிப்பு இன்னும் சுத்தமாக இருப்பதில்லை.

டெலிகிராம் குழுக்களில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே?

உரிமை இல்லாமல் கிடைப்பது என்பது முதல் பதில். தரம் பற்றியது இரண்டாவது. 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 என்றால் நிமிடத்துக்கு 2.4 எம்பி வரும். ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. அளவு அப்படியே இருந்தும் ஒலி மட்டமாக இருப்பதுண்டு. 128-இல் சுருக்கிய பழைய கோப்பை மீண்டும் 320 ஆக எழுதியிருப்பார்கள். ஒருமுறை போன ஒலி திரும்பி வராது. அலைவரிசைப் படம் காட்டும் இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள்: ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால் அது அந்த ரகம். செல்போனில் வேறுபாடு தெரியாது. மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் ஜால்ராவும் சிம்பலும் தகரம்போல் ஒலிக்கும்போது, பழி சவுண்ட் சர்வீஸ்காரர் மேல் விழும்.

கல்யாணத்தில் பாட்டு ஓட்ட உரிமம் வேண்டுமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, உண்மையான சமயச் சடங்குகளின்போது பாட்டை ஒலிபரப்புவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தோடு சேர்ந்த சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. இருந்தும் உரிம அமைப்புகளுக்கும் மண்டபங்களுக்கும் இடையே வழக்குகள் தொடர்கின்றன. உணவக விருந்து, நிறுவன விழா, நுழைவுச்சீட்டு நிகழ்ச்சி ஆகியவை கல்யாணத்தோடு சேராதவை. அவற்றுக்கு உரிமம் யார் எடுப்பது என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலக்கு ஓட்டுவதற்குத்தான். ஒரு பாட்டை ரீமிக்ஸ் செய்து வெளியிடவோ விற்கவோ அது அனுமதி தராது. சந்தாச் சேவைக்குக் கட்டும் பணமும் மேடையில் ஓட்டும் உரிமத்துக்கு ஈடாகாது. இரண்டும் வேறு வேறு. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உள்ள தடை தனிச் சட்டத்தின்கீழ் வருவது.

புதிதாகத் தொடங்கும் ஒருவர் எதற்கு முதலில் பணம் செலவிட வேண்டும்?

முதலில் தமிழ்ப் பாட்டுகளை நல்ல தரத்தில் விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கலாம். நெல்லையில் ஓர் இரவில் ஓடும் பாட்டில் மிகப் பெரும்பகுதி தமிழ். அடுத்தபடி மலையாளமும் தெலுங்கும் இந்தியும் வரும். ஆங்கிலம் கல்லூரி விழாவிலும், சில வரவேற்புகளில் கடைசி அரை மணியிலும் மட்டும். அந்தப் பகுதிக்காக ஆண்டு முழுவதும் வெளிநாட்டுச் சந்தா கட்டுவது வீண். கோப்பைப் பதிவிறக்கித் தரும் ரெக்கார்டு பூல் ஒன்றில் ஆவணியிலும் தை மாதத்திலும், முகூர்த்தங்கள் நெருங்கி வரும் பருவத்தில் மட்டும் சேர்ந்து, அதன் விதிகள் இடம் தரும் அளவில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அன்றே ஒவ்வொரு பாட்டையும் முழுதாக ஒருமுறை கேட்டு, பிபிஎம் எண்ணைக் காலால் தட்டிச் சரிபார்த்து, திஸ்ரம், சதுஸ்ரம் என்று இரண்டு கோப்புறைகளில் பிரித்து வையுங்கள். மார்கழியில் கல்யாண வேலை இருக்காது; பழைய பாட்டுகளுக்குக் கட்டம் அமைக்கவும், மேளக் கலைஞர்களிடம் பேசிப் பதிவு செய்யவும் அந்த மாதம் போதும்.